பிரெஞ்சில் வானிலையும் பருவமும் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்கள் வானிலைப் பாடத்துக்கு வந்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ‘தாங்’, ‘வாங்’ போன்றவற்றில் ‘ங்’கை முழுதாக உச்சரிக்க வேண்டாம், உயிரொலியை மூக்கு வழியாக விட்டு நிறுத்தினால் போதும். ‘ஜ’ என்று எழுதியிருப்பது, ‘ஷ’ சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலி. ‘த்யு’, ‘தே’, ‘த லா’ என்ற சிறு சொற்களில் வரும் ‘த’, ‘பந்து’ என்பதில் கேட்கும் மெல்லொலி. ‘தாங்’ என்பதில் வருவது ‘தலை’யின் வல்லொலி.

1. வானிலை பத்திப் பேச முதல்ல எதைக் கத்துக்கணும்? சொற்பட்டியலா?

பட்டியல் வேண்டாம். மூன்று வாக்கிய அச்சுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வானிலைச் சொல் வந்தாலும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் போய் உட்காரும். முதலாவது ‘இல் ஃபே’. இதன் பின்னால் தன்மையைச் சொல்லும் சொல் வரும்: ‘இல் ஃபே போ’ (நல்ல வானிலை), ‘இல் ஃபே ஷோ’ (வெக்கையாக இருக்கிறது), ‘இல் ஃபே ஃப்ருவா’ (குளிராக இருக்கிறது). இரண்டாவது ‘இலியா’. இதன் பின்னால் ஒரு பொருளின் பெயர் வரும்: ‘இலியா த்யு வாங்’ (காற்று அடிக்கிறது), ‘இலியா த்யு சொலேய்’ (வெயில் அடிக்கிறது), ‘இலியா தே நுவாஜ்’ (மேகங்கள் இருக்கின்றன). மூன்றாவது, வானிலைக்கென்றே உள்ள வினைச்சொல்: ‘இல் ப்லே’ (மழை பெய்கிறது), ‘இல் நேஜ்’ (உறைபனி பொழிகிறது), ‘இல் ஜேல்’ (உறைகிறது).

ஒவ்வொரு புதுச் சொல்லையும் அதன் அச்சோடு சேர்த்தே மனத்தில் பதியுங்கள். ‘வாங் என்றால் காற்று’ என்று எழுதி வைத்தால் பேசும்போது தடுமாறுவீர்கள். ‘இலியா த்யு வாங்’ என்று முழுதாக எழுதி வைத்தால் அது தானாக வாயில் வரும்.

2. ‘இல்’னா ‘அவன்’தானே? மழை பெய்யறதுக்கு அவன் யாரு?

இங்கே அது யாரையும் குறிக்காது. பிரெஞ்சு வினைச்சொல் எழுவாய் இல்லாமல் நிற்காது. செய்பவர் யாரும் இல்லாத இடத்தில் ‘இல்’ வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. ‘மழை’ என்ற சொல்லைத் தேடி அங்கே வைக்க வேண்டியதில்லை.

தமிழ் நமக்கு இதில் உதவும். ‘குளிருது’, ‘புழுங்குது’, ‘தூறுது’, ‘இருட்டுது’ என்கிறோமே, எது குளிருகிறது, எது இருட்டுகிறது? வினையின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘து’ தவிர அங்கே எழுவாய் எதுவும் இல்லை. அந்த ‘து’ பார்க்கும் வேலையைத்தான் பிரெஞ்சில் ‘இல்’ பார்க்கிறது. நம் விகுதி வினைக்குப் பின்னால், அவர்களுடைய சொல் வினைக்கு முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

3. எந்தச் சொல்லுக்கு ‘இல் ஃபே’, எதுக்கு ‘இலியா’? எப்பவும் மாத்திச் சொல்லிடறேன்.

தமிழில் அந்தச் சொல்லோடு ‘ஆக’ சேர்த்துப் பாருங்கள். குளிராக, சூடாக, இதமாக, மூட்டமாக என்று இயல்பாக ஒட்டினால் பெரும்பாலும் ‘இல் ஃபே’. மேகம், மின்னல், மூடுபனி போலத் தனியாக நிற்கும் பொருள் என்றால் ‘இலியா’. எல்லாச் சொல்லுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது, ஆனால் தொடக்கத்தில் பத்தில் எட்டுக்குச் சரியாக வரும்.

‘இல் ஃபே’யின் பின்னால் ‘த்யு’, ‘த லா’ எதுவும் வேண்டாம். நேராகச் சொல் வரும். ‘இலியா’வின் பின்னால் அவை கட்டாயம். ஆண்பாற் பெயருக்கு ‘த்யு’ (த்யு வாங்), பெண்பாலுக்கு ‘த லா’ (த லா ப்லுயி, மழை), உயிரொலியில் தொடங்கும் பெயருக்கு ‘த ல்’ (த லொராஜ், இடிமழை), பன்மைக்கு ‘தே’ (தே நுவாஜ்). ‘இல் ஃபே த்யு வாங்’, ‘இல் ஃபே சொலேய்’ என்று பேச்சில் கேட்பீர்கள். அவை தவறில்லை, ஆனால் ‘இலியா’ போட்டால் எங்கும் பிசகாது. ‘இல் ஃபே ப்லுயி’ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

4. ‘தாங்’னா நேரம்னு படிச்சேன். வானிலைன்னும் போட்டிருக்கே?

இரண்டும்தான். எழுத்தில் கடைசியில் பி, எஸ் என்று இரண்டு எழுத்துகள் நிற்கும். வாயில் இரண்டும் வராது. எந்தப் பொருள் என்பதை உடன் வரும் வினை சொல்லிவிடும். ‘கேல் தாங் ஃபேதில்?’ என்றால் ‘வானிலை எப்படி இருக்கிறது?’ மணி கேட்கும் வாக்கியம் ‘கேல் ஏர் ஏதில்?’, அதில் ‘தாங்’ கிடையாது. ‘ஜே த்யு தாங்’ என்றால் ‘எனக்கு நேரம் இருக்கிறது’.

பேச்சில் ‘இல் ஃபே கேல் தாங்?’ என்று திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். நண்பரிடம் கேட்க இதுவே இயல்பு.

5. ‘இல் ப்லே’ன்னு சொன்னேன், ‘யார் அழறா?’ன்னு கேட்டாங்க. ஏன்?

கடைசியில் ஒரு ‘ர்’ சேர்ந்திருக்கும். ‘இல் ப்லேர்’ என்றால் ‘அவன் அழுகிறான்’. மழைக்கு, உதடு ‘ஓ’ சொல்வதுபோல் குவிந்திருக்க, நாக்கு ‘ஏ’ சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும். அப்படியே சட்டென்று நிறுத்த வேண்டும். அழுகைக்கு வாய் சற்றே திறந்து, தொண்டையின் அடியிலிருந்து ‘ர்’ வரும்.

கண்ணாடி முன் நின்று ‘ஏ’ என்று சொல்லத் தொடங்குங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் மெல்லக் குவியுங்கள். ஒலி மாறுவது காதில் விழும்; மழைக்கு வேண்டிய உயிரொலி அதுதான். ‘த்யு’வில் வருவதும் இதே முறையில் கிடைக்கும்: நாக்கு ‘ஈ’ சொல்ல, உதடு ‘ஊ’ போலக் குவிய வேண்டும்.

6. ‘எனக்குக் குளிருது’ங்கிறதுக்கு ‘ஜெ சுயி ஃப்ருவா’ சரிதானே?

சரியில்லை. இதைத் தொடக்கத்திலேயே திருத்திக்கொள்வது நல்லது. உடல் உணரும் குளிரை ‘எனக்குக் குளிர் உண்டு’ என்ற வடிவில் சொல்ல வேண்டும்: ‘ஜே ஃப்ருவா’. தமிழில் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்றா சொல்கிறோம்? ‘எனக்கு’ என்றுதானே தொடங்குகிறோம். அந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் தவறு வராது. கை மட்டும் குளிர்ந்தால் ‘ஜே ஃப்ருவா ஓ மெங்’.

நான்கு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘இல் ஃபே ஃப்ருவா’: வெளியே குளிர். ‘ஜே ஃப்ருவா’: எனக்குக் குளிர்கிறது. ‘சே ஃப்ருவா’: இந்தப் பொருள், உதாரணமாகத் தட்டில் இருக்கும் சூப், ஆறிப்போயிருக்கிறது. ‘இல் ஏ ஃப்ருவா’: அவர் ஒட்டுதல் இல்லாத மனிதர். சொல் ஒன்றே, முன்னால் நிற்பது மாறியதும் பொருள் வேறாகிவிடுகிறது.

வெக்கைக்கும் இதே வரிசை: ‘இல் ஃபே ஷோ’, ‘ஜே ஷோ’. ‘ஜெ சுயி ஷோ’ என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேச்சு வழக்கில் அதற்கு ‘நான் தயார்’ என்ற பொருளும் உண்டு, காம வேட்கை என்ற பொருளும் உண்டு.

7. ‘ஓ ப்ரெங்தாங்’, ஆனா ‘ஆங்னேதே’. நாலு பருவத்துக்கும் ஒரே சொல் வைக்கக் கூடாதா?

பருவங்கள் நான்கு: ‘ப்ரெங்தாங்’ (இளவேனில்), ‘ஏதே’ (கோடை), ‘ஓதோன்’ (இலையுதிர்காலம்), ‘இவேர்’ (குளிர்காலம்). நான்கும் ஆண்பால். பின் மூன்றும் வாயில் உயிரொலியில் தொடங்குகின்றன. ‘இவேர்’ எழுத்தில் எச் என்ற எழுத்தோடு தொடங்கினாலும் அது ஒலிக்காது. உயிரொலிக்கு முன்னால் ‘ஆங்’ வரும். மெய்யில் தொடங்கும் ‘ப்ரெங்தாங்’ மட்டும் ‘ஓ’ எடுக்கும். எனவே ஓ ப்ரெங்தாங், ஆங்னேதே, ஆங்னோதோன், ஆங்னிவேர். நடுவில் கேட்கும் ‘ன்’ இரு சொல்லையும் ஒட்டும் பாலம். அதை விட்டுவிட்டால் கேட்பவருக்கு உறுத்தும்.

‘ஓதோன்’ எழுத்தில் எம் என்ற எழுத்து உண்டு, ஒலியில் கிடையாது. பருவப் பெயர், மாதப் பெயர், கிழமைப் பெயர் எதையும் வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டாம்.

8. ‘ஆங்னேதே’வும் ‘லேதே’வும் ஒண்ணா?

கோடையில் பொதுவாக நடப்பதைச் சொல்ல இரண்டும் பொருந்தும். ‘லேதே’யில் ‘கோடைதோறும்’ என்ற வழக்கம் சற்றுக் கூடுதலாகத் தொனிக்கும். குறிப்பிட்ட ஒரு கோடையைச் சொல்லும்போது ‘ஆங்’ விலகிவிடும்: ‘செதேதே’ (இந்தக் கோடையில்), ‘லேதே தேர்ன்யே’ (போன கோடையில்), ‘லேதே ப்ரோஷெங்’ (வரும் கோடையில்). ‘ஆங்னேதே தேர்ன்யே’ என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. மாதத்துக்கு எப்போதும் ‘ஆங்’தான்: ‘ஆங் ஜாங்வியே’, ஜனவரியில்.

9. பருவம் எந்தத் தேதியில தொடங்குதுன்னு கேட்டா என்ன சொல்ல?

பிரான்சு நாட்காட்டியில் இளவேனில் மார்ச் 20 அளவிலும், கோடை ஜூன் 20 அல்லது 21-லும், இலையுதிர்காலம் செப்டம்பர் 22 அல்லது 23-லும், குளிர்காலம் டிசம்பர் 21 அல்லது 22-லும் தொடங்கும். சூரியனின் நிலையை வைத்துக் கணிப்பதால் ஒரு நாள் முன்பின் ஆகும். வானிலையாளர்கள் கணக்கு வசதிக்காக மார்ச் 1, ஜூன் 1, செப்டம்பர் 1, டிசம்பர் 1 என்று முழு மாதங்களாகவே பிரித்துக்கொள்கிறார்கள்.

10. பனிக்கு பிரெஞ்சுல என்ன சொல்? அகராதியில ஒவ்வொரு இடத்துலயும் வேற வேற போட்டிருக்கு.

தமிழ் பேசுபவருக்கு இந்தப் பாடத்தில் உண்மையாகவே கடினமான இடம் இதுதான். புல்நுனியில் நிற்பதும் பனி, காலையில் சாலையை மறைப்பதும் பனி, மலைச் சிகரத்தில் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. பிரெஞ்சில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். கண் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலையில் உருளும் நீர்த்துளி ‘ரோஸே’. அதே ஈரம் குளிரில் உறைந்து புல்லில் வெண்பொடியாகப் படிந்தால் ‘ஜெலே ப்லாங்ஷ்’. கார்க் கண்ணாடியிலும் கிளையிலும் ஊசி ஊசியாக ஒட்டும் உறைவு ‘ஜீவ்ர்’. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வானிலிருந்து பஞ்சாக விழுவது ‘நேஜ்’. சாலைமேல் கண்ணாடிபோல் படிந்து, கண்ணுக்கே தெரியாமல் வழுக்கிவிடுவது ‘வேர்க்லா’. வண்டி ஓட்டுபவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். சாலைப் பலகையிலோ செய்தியிலோ இந்தச் சொல்லைக் கண்டால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

காற்றில் மிதப்பதிலும் இரண்டு வகை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவு அடர்ந்தால் ‘ப்ரூயார்’, அதைவிட மெல்லியதாக இருந்தால் ‘ப்ரும்’. ‘இலியா த்யு ப்ரூயார்’, ‘இலியா த லா ப்ரும்’ என்று அச்சோடு படியுங்கள். நேஜுக்கு வினையும் உண்டு: ‘இல் நேஜ்’ என்றால் இப்போது விழுந்துகொண்டிருக்கிறது, ‘இலியா த லா நேஜ்’ என்றால் ஏற்கெனவே விழுந்து தரையில் கிடக்கிறது.

11. மழையிலயும் அப்படி வகை இருக்கா?

இருக்கிறது. இதில் தமிழும் வளமானது என்பதால் சொல்லுக்குச் சொல் இணை கிடைக்கும். தூறலுக்கு ‘ப்ருயின்’. மேற்கே கடலோரப் பகுதியான பிரெத்தாஞ்யில் அதிகம் கேட்கும் ‘க்ராஷெங்’, நாளெல்லாம் நசநசவென்று விடாமல் தூவும் நுண்மழை. ஒரு பாட்டம் பெய்து ஓய்வது ‘அவேர்ஸ்’. மார்ச் மாதத்தில் வெயிலும், ஆலங்கட்டி கலந்த மழையும் மாறி மாறி வருவதற்கு ‘ஜிபூலே’. ஆலங்கட்டி ‘க்ரேல்’, அதற்கும் வினை உண்டு, ‘இல் க்ரேல்’. தொப்பலாக நனைந்து வந்து நின்றால் ‘ஜெ சுயி த்ராங்பே’. இந்த இடத்தில் ‘ஜெ சுயி’ சரி.

இடிமழை ‘ஒராஜ்’. அதற்குள்ளேயே வானத்தில் பளிச்சிடும் ஒளி ‘ஏக்லேர்’, காதில் விழும் இடியோசை ‘தொனேர்’, மரத்திலோ கட்டடத்திலோ வந்து தாக்கும் மின்னல் ‘ஃபூத்ர்’. இடியில்லாவிட்டாலும் காற்று மிகக் கடுமையாக இருந்தால் அது ‘தாங்பேத்’; ‘ஒராஜ்’ என்று சொல்ல முடியாது.

12. ‘இல் ப்லே த்ரே’ன்னு சொன்னா தப்புங்கறாங்க. ‘ரொம்ப’தானே?

தமிழ் ‘ரொம்ப’வுக்குப் பிரெஞ்சில் இரண்டு சொல். தன்மைச் சொல்லுக்கு முன் ‘த்ரே’: ‘இல் ஃபே த்ரே ஷோ’. வினைக்குப் பின் ‘போகூ’: ‘இல் ப்லே போகூ’. பெயருக்கு முன் ‘போகூ த’: ‘இலியா போகூ த வாங்’. கடைசியில் சொன்னதில் மூன்றாம் கேள்வியின் ‘த்யு’ சுருங்கி ‘த’ ஆவதைக் கவனியுங்கள்.

எதிர்மறையிலும் அதே சுருக்கம்: ‘இல் ந்யா பா த வாங்’ (காற்று இல்லை). மற்ற இரண்டு அச்சுகளில் ‘ந… பா’ வினையைச் சூழ்ந்தால் போதும்: ‘இல் ந ஃபே பா போ’, ‘இல் ந ப்லே பா’. மழை ஓய்ந்துவிட்டது என்றால் ‘பா’வின் இடத்தில் ‘ப்லு’: ‘இல் ந ப்லே ப்லு’. பேச்சில் அந்த ‘ந’வைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள், எழுத்தில் விடக் கூடாது.

13. புழுக்கத்துக்கும், சில்லுனு இருக்கறதுக்கும், இதமா இருக்கறதுக்கும் எப்படிச் சொல்றது?

புழுக்கம் ‘இல் ஃபே லூர்’. ‘லூர்’ என்றால் கனம்; காற்று உடம்பில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்குமே, அந்த உணர்வு. சில்லென்று இருந்தால் ‘இல் ஃபே ஃப்ரே’. இதற்கும் அதற்கும் நடுவில் உடம்புக்குச் சுகமாக இருந்தால் ‘இல் ஃபே போங்’. இதை ‘இல் ஃபே போ’வோடு குழப்ப வேண்டாம். ‘போ’ வானத்தைப் பற்றியது, ‘போங்’ உடம்பு உணரும் சுகத்தைப் பற்றியது. வானம் தெளிவாக இருந்து, கடுங்குளிர் அடித்தால் ‘போ’ உண்டு, ‘போங்’ இல்லை.

‘இல் ஃபே தூ’ என்பது எதிர்பார்த்ததைவிடக் குளிர் குறைந்த நாளுக்கு. ஜனவரியில் 14 டிகிரி என்றால் பாரிஸ்காரர் ‘தூ’ என்பார். ஜூலையில் அதே 14 டிகிரிக்கு ‘ஃப்ரே’ என்பார். எண்ணைப் பார்க்காதீர்கள், பருவத்தைப் பாருங்கள்.

இந்த அச்சில் சொல் மாறாது. ஆனால் ஒரு பெயரோடு சேர்ந்தால் பால் பார்த்து மாறும்: இரவு பெண்பால் என்பதால் ‘ய்யுன் நுயி ஃப்ருவாத்’, ‘ய்யுன் நுயி ஃப்ரேஷ்’.

14. டிகிரியை எப்படிச் சொல்லணும்?

‘இல் ஃபே’யோடு எண்ணை நேராகச் சேருங்கள்: ‘இல் ஃபே வெங் தெக்ரே’ (20 டிகிரி). பூஜ்யத்துக்குக் கீழே போனால் எண்ணுக்கு முன் ‘முவெங்’: ‘இல் ஃபே முவெங் செங்க்’ (மைனஸ் 5). எல்லாம் செல்சியஸ்தான். எழுதும்போது பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். 2019 ஜூன் 28 அன்று தெற்கே எரோ மாவட்டத்து வேரார்க் என்ற ஊரில் பதிவான 46 டிகிரி வெப்பத்தைப் பிரெஞ்சுத் தாள்கள் ‘46,0’ என்று அச்சிட்டது இப்படித்தான்.

15. நேத்து மழை பெஞ்சுதுன்னு சொல்ல ரெண்டு வடிவம் இருக்கே, எதை எப்போ?

நடந்து முடிந்த செய்தியாகச் சொன்னால் ‘இல் அ ப்லு’: ‘இல் அ ப்லு தூத் லா ஜூர்னே’, நாள் முழுக்க மழை பெய்தது. நாள் முழுக்க என்றாலும் அது முடிந்துபோன ஒன்று என்பதால் இந்த வடிவம். வேறொன்று நடக்கும்போது பின்னணியில் மழை பெய்துகொண்டிருந்தது என்றால் ‘இல் ப்லேவே’: ‘இல் ப்லேவே காங் ஜெ சுயி சோர்த்தி’, நான் வெளியே கிளம்பும்போது மழை பெய்துகொண்டிருந்தது. ‘பெய்தது’, ‘பெய்துகொண்டிருந்தது’ என்ற வேறுபாடு காதில் விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

‘இல் ஃபே’யின் இந்தப் பின்னணி வடிவத்தில் ஒலி மாறும். எழுத்தில் ‘ஃபே’ போலவே இருந்தாலும் ‘ஃபெஸே’ என்று சொல்ல வேண்டும்: ‘இல் ஃபெஸே போ’. பிடிக்கும் என்ற வினையின் இறந்தகால வடிவமும் ‘ப்லு’தான். அதனால் ‘ஜே ப்லு’ என்று எங்காவது கண்டால் அது மழையில்லை. ‘என்னைப் பிடித்திருந்தது’ என்று பொருள்.

16. ‘நாளைக்கு மழை பெய்தால்’னு சொல்லும்போது எதிர்காலம் போடணுமா?

‘சி’ (தமிழ் ‘…ஆல்’ போன்ற நிபந்தனைச் சொல்) வரும் பகுதியில் எதிர்காலம் கூடாது. ‘சில் ப்லே தெமெங், ஓங் ரெஸ்த்ரா ஆ லா மேசோங்’: நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்போம். முதல் பாதியில் நிகழ்காலம், இரண்டாம் பாதியில்தான் எதிர்காலம். தமிழ் ‘பெய்தால்’ என்பதிலும் எதிர்காலக் குறி எதுவும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் ‘சில் ப்லேவ்ரா’ என்று நாக்கு போகாது.

‘சி’ இல்லாத இடத்தில் எதிர்காலம் தாராளமாக வரும். வானம் கறுத்துவிட்டது, இதோ வரப்போகிறது என்றால் ‘இல் வா ப்லேவுவார்’. நாளைய முன்னறிவிப்பு என்றால் ‘இல் ப்லேவ்ரா’, ‘இல் ஃபெரா போ’, ‘இலியோரா த்யு வாங்’.

17. வானிலைச் செய்தி கேட்டா ஒண்ணுமே புரியலை. நாம படிச்ச ‘இல் ஃபே’ எல்லாம் அங்க வரவே இல்லை.

அறிக்கையில் பெயர்ச்சொற்களே அதிகம். ‘சியேல் கூவேர்’ (மூட்டமான வானம்), ‘சியேல் தேகாஜே’ (தெளிந்த வானம்), ‘அவேர்ஸ்’, ‘ராஃபால்’ (திடீரென வீசும் பலத்த காற்று) என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ‘ஏக்லேர்சி’ என்று கேட்டதும் பலர் மின்னல் என்று எண்ணிக் குடை எடுக்கிறார்கள். பதினோராம் கேள்வியில் வந்த ‘ஏக்லேர்’தான் மின்னல், ‘ஏக்லேர்சி’ என்றால் மேகம் விலகி வானம் வெளிவாங்கும் நேரம்.

எச்சரிக்கை வரைபடம் தனியாகக் கற்க வேண்டியது. 1999 டிசம்பரில் அடித்த பெரும் புயல்களுக்குப் பிறகு, 2001-இல் பிரான்சின் வானிலை நிறுவனமான மேதேயோ-ஃப்ராங்ஸ் இதைத் தொடங்கியது, பெயர் ‘விஜிலாங்ஸ்’. மாவட்டந்தோறும் நிறம் இடுவார்கள்: ‘வேர்’ (பச்சை), ‘ஜோன்’ (மஞ்சள்), ‘ஒராங்ஜ்’ (ஆரஞ்சு), ‘ரூஜ்’ (சிவப்பு). ஒராங்ஜும் ரூஜும் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. ‘விஜிலாங்ஸ் ஒராங்ஜ், ஒராஜ்’ என்று அடுத்தடுத்து வரும்போது தடுமாற வேண்டாம். முதலாவது நிறம், நடுவில் மூக்கொலி உண்டு. இரண்டாவது இடிமழை, மூக்கொலி கிடையாது.

கோடையில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கானிகுல்’. பகலும் இரவுமாகத் தொடர்ந்து நாள்கணக்கில் நீடிக்கும் கடும் வெப்பம் இது. ஒரு நாள் வெயிலை அப்படிச் சொல்வதில்லை. ‘சிறு நாய்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, சிரியஸ் விண்மீனின் பெயர் வழியாக வந்தது. 2003 ஆகஸ்டில் வந்த கானிகுல் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேரைப் பலிகொண்டது. அதனால் இன்றும் இந்தச் சொல்லை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

18. ‘மிஸ்த்ரால்’னு ஒரு காத்து சொல்றாங்களே?

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி மார்செய் பக்கம் வீசும் வறண்ட குளிர்காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். மேகத்தை ஓட்டிவிடுவதால் வானம் பளிச்சென்று இருக்கும். ‘இல் ஃபே போ, மே இலியா த்யு மிஸ்த்ரால்’ (வானிலை நன்றாக இருக்கிறது, ஆனால் மிஸ்த்ரால் அடிக்கிறது) என்ற வாக்கியம் அங்கே முரண் இல்லை. லாங்க்தோக் பக்கம் வீசுவது ‘த்ராமோங்தான்’, ஜெனீவா ஏரிப் பக்கம் ‘பீஸ்’.

19. மரபுத்தொடர்ல எதை நாமளும் சொல்லலாம்?

‘இல் ப்லே தே கோர்த்’ (கயிறு கயிறாகக் கொட்டுகிறது), ‘அங் ஃப்ருவா த கானார்’ (வாத்துக் குளிர், அதாவது கடுங்குளிர்), ‘அங் தாங் த ஷியெங்’ (நாய் வானிலை, மோசமான வானிலை) ஆகிய மூன்றையும் யாரிடமும் சொல்லலாம். ‘சா காய்’ (நடுங்குது) நண்பர்களோடு மட்டும். ‘பார்லே த லா ப்லுயி ஏ த்யு போ தாங்’, மழையையும் நல்ல வானிலையையும் பற்றிப் பேசுவது, என்றால் ஊர்க்கதை பேசிப் பொழுது போக்குவது.

மே மாதம் தோட்டம் போடுகிறவர்கள் ‘செங் த க்லாஸ்’, பனிக்கட்டிப் புனிதர்கள், என்று சொல்வதைக் கேட்பீர்கள். மே 11, 12, 13 ஆகிய நாட்களுக்கு அந்தப் பெயர். அதற்குள் ஒருமுறை உறைகுளிர் திரும்பி வரலாம், மென்மையான நாற்றுகளை அதன் பிறகே நட வேண்டும் என்பது பழைய நம்பிக்கை.

20. கனடாவுல, பெல்ஜியத்துல, தீவுகள்லயும் இதே சொற்கள்தானா?

அடிப்படை அதே. கனடாவின் கெபெக்கில் கடுங்குளிரை ‘இல் ஃபே ஃப்ரேத்’ என்பார்கள், மழைக்கு ‘இல் மூய்’ என்றும் கேட்கும். தரையில் கிடக்கும் நேஜைக் காற்று வாரித் தூற்றுவது ‘பூத்ரெரி’. பெல்ஜியத்தில் கொட்டும் மழைக்கு ‘இல் த்ராஷ்’.

கரீபியன் தீவுகளான மார்த்தினீக், குவாதலூப் ஆகியவற்றில் ‘இவேர்னாஜ்’ என்று கேட்டால் ஏழாம் கேள்வியின் ‘இவேர்’ நினைவுக்கு வந்து குளிர்காலம் என்று தோன்றும். அது மழைக்காலம், அங்கே வறண்ட பருவத்துக்குப் பெயர் ‘காரேம்’. நான்கு பருவம் இல்லாத நாட்டைப் பற்றிப் பேசும்போது, பொருந்தாத இடத்தில் ‘இவேர்’ போடாமல் ‘லா சேசோங் தே ப்லுயி’ (மழைக்காலம்), ‘லா சேசோங் சேஷ்’ (வறண்ட காலம்), ‘லா மூசோங்’ (பருவமழை) என்று சொல்லுங்கள்.

21. சொற்கள் மறந்து மறந்து போகுது. எப்படிப் பயிற்சி பண்ணணும்?

தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து மூன்று வாக்கியம், ஒவ்வொரு அச்சிலும் ஒன்று, வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இல் ஃபே லூர். இலியா தே நுவாஜ். இல் ந ப்லே பா.’ இரவில் அதே மூன்றையும் கடந்தகாலத்தில் சொல்லுங்கள். இரண்டாவது வாரத்தில் நாளைக்கான எதிர்காலத்தைச் சேருங்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நிமிட வானிலை அறிக்கையைத் தினம் கேட்டு, அதில் வரும் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள். முதலில் நான்கைந்துதான் பிடிபடும், அது போதும்.

சொல்லை நினைவில் ஒட்டவைக்க ஒரு பழைய நாட்காட்டியும் உதவும். புரட்சிக் காலத்தில், 1793 முதல் 1805 முடியும்வரை, பிரான்சு தன் மாதங்களுக்கு இயற்கையை வைத்துப் பெயரிட்டிருந்தது. மூடுபனி மாதம் ‘ப்ருமேர்’, நேஜ் மாதம் ‘நிவோஸ்’, மழை மாதம் ‘ப்லுவியோஸ்’, காற்று மாதம் ‘வாங்தோஸ்’, வெப்ப மாதம் ‘தேர்மிதோர்’. ப்ரும், ப்லுயி, வாங் மூன்றும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன.

22. யாராவது ‘இல் ஃபே போ, ஏங்?’னு சொன்னா ‘வ்வி’ன்னு சொல்லிட்டு நின்னுடறேன். அடுத்து என்ன பேசறது?

அந்த ‘ஏங்’ நம் ‘இல்லே?’ மாதிரி, ஒப்புதலை எதிர்பார்க்கிறது. ஒப்புக்கொண்டு, கூடவே ஒன்றைச் சேருங்கள். நேற்றோடு ஒப்பிடலாம்: ‘வ்வி, இயேர் இல் ஃபெஸே முவெங் போ’ (ஆமாம், நேற்று இவ்வளவு நன்றாக இல்லை). நாளையைச் சொல்லலாம்: ‘வ்வி, மே இல் வா ப்லேவுவார் தெமெங்’ (ஆமாம், ஆனால் நாளைக்கு மழை வரப்போகிறது). அல்லது ஆசையைச் சொல்லலாம்: ‘பூர்வ்யு க சா த்யுர்!’ (இப்படியே நீடிக்கட்டும்!). இந்தத் தொடருக்குப் பின் வினை வேறு வடிவம் எடுக்கும். நல்ல வானிலை வேண்டுமானால் ‘பூர்வ்யு கில் ஃபாஸ் போ’. ‘ஃபே’ இங்கே ‘ஃபாஸ்’ ஆகிறது. இந்த ஒரு தொடரை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள், இலக்கணம் பின்னால் வரட்டும்.